பிளேடு ஏற மறுத்த டோசரும் பர்கூர் சாலை ஹைட்ராலிக் பட்டறையும்: ஒரு வாடிக்கையாளர் மதிப்புரை

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கிரானைட் அறுக்கும் ஆலைகள் வரிசையாக வரும் பகுதியைத் தாண்டியதும், அணுகுசாலையின் இடப்புறத்தில் தகரக் கொட்டகையும் அதன் முன்னால் ஒரு வேப்பமரமும் கொண்ட ஹைட்ராலிக் பட்டறை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டதால் அதைப் படித்து யாரும் உள்ளே வருவதில்லை. டிப்பர், பொக்லைன், டோசர் வைத்திருப்பவர்கள் அதை ‘ஓஸ் பட்டறை’ என்றுதான் சொல்கிறார்கள்; ஓஸ் என்பது எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய். கடந்த பங்குனி மாதத்தில் என் டோசரின் பிளேடு, அதாவது மண்ணைத் தள்ளும் முன்பலகை, ஏறும் வேகம் பாதிக்கும் கீழே குறைந்துபோனபோது இந்தப் பட்டறையை நாடினேன். அவர்கள் செய்த வேலை, வாங்கிய தொகை, செய்யத் தவறியவை ஆகிய அனைத்தையும் இங்கே எழுதுகிறேன். இதே கோளாறு உள்ளவர்களுக்கு அவர்கள் சோதித்த முறையே பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டோசர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த நடுத்தர இயந்திரம். முன்னால் இரண்டு தூக்குச் சிலிண்டர்கள், பின்னால் கெட்டி நிலத்தைக் கிளறும் ரிப்பர். பொக்லைனும் ஜேசிபியும் வந்த பிறகு டோசருக்கு வேலை குறைந்துவிட்டது என்றாலும், நம் மாவட்டத்துக் கரட்டு நிலங்களைச் சமப்படுத்தி மாங்கன்று வைக்க நினைப்பவர்கள் இன்றும் டோசரைத்தான் கேட்கிறார்கள். மத்தூர் அருகே அப்படி ஒன்பது ஏக்கர் வேலையை எடுத்திருந்தேன். மூன்றாம் நாள் நண்பகலில் ஆபரேட்டர் அழைத்து, “அண்ணா, காலையில நல்லா இருந்துச்சு, இப்ப பிளேடு தூக்கறதுக்குள்ள வண்டி மண்ணுல முட்டிக்குது, பம்பும் ஒரு மாதிரி கத்துது” என்றார். நான் போய்ப் பார்த்தபோது, வழக்கமாக ஐந்து நொடியில் தரையிலிருந்து உச்சிக்குப் போகும் பிளேடு பதினொரு நொடி எடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஆபரேட்டர் ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பார்த்தார். கத்தல்தான் கூடியது, பிளேடின் வேகம் கூடவில்லை. அந்த ஒரு குறிப்பில்தான் நோயின் பாதி விடை இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பர்கூர் சாலைப் பட்டறைக்கு முன்பாக வேறொரு மெக்கானிக்கை அழைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் டேங்கின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்தார். பிறகு எண்ணெய் அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் திருகை ஒன்றரைச் சுற்று இறுக்கிவிட்டு, அதற்கும் வேகம் வராததால், “சூடானதும் மெதுவாகிறது என்றால் பம்ப் தேய்ந்துவிட்டது” என்று முடிவாகச் சொல்லி, புதிய பம்புக்கும் பொருத்துவதற்கும் சேர்த்து 78,000 ரூபாய் கேட்டார். அவர் சொன்ன காரணம் பொய்யல்ல. பல்சக்கர பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் காலையில் வேலை செய்யும். எண்ணெய் சூடாகி இளகியதும் தேய்ந்த இடைவெளிகளின் வழியே பின்னோக்கிக் கசிந்து வேகம் குறையும். 68 எண் ஹைட்ராலிக் எண்ணெயின் பிசுபிசுப்பு 40 டிகிரி செல்சியஸில் 68 சென்டிஸ்டோக்ஸ். அதுவே 100 டிகிரியில் ஏறக்குறைய எட்டரைக்கு இறங்கிவிடுகிறது என்றால், தேய்ந்த பம்புக்கு வெயில் எப்படிப்பட்ட பகை என்பது புரியும். ஆனால் சூட்டில் மெதுவாகும் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பம்ப்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதை அளந்து பார்க்காமல் 78,000 ரூபாயைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டறைக்குத் தொலைபேசியில் பேசியபோது, டோசரை லோபெட் லாரியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டாம், நாங்களே வயலுக்கு வருகிறோம், வருகைக்கும் சோதனைக்கும் 3,500 ரூபாய், கோளாறு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்தத் தொகை உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். லோபெட் வாடகையே போக வர அதைப்போல் சில மடங்கு ஆகும் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்பதரைக்கு வந்தார்கள். அது ஒரு குறை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கியதும் ஸ்பேனரை எடுக்காமல் ஆபரேட்டரை அழைத்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள் பாருங்கள், அதை நான் வேறு எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

வந்தவர்கள் ஐம்பது வயது மதிக்கத்தக்க மேஸ்திரியும் இரண்டு இளைஞர்களும். மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, ரிப்பரும் மெதுவாக இருக்கிறதா என்பது. ரிப்பர் சரியாக இருந்து பிளேடு மட்டும் மெதுவாக ஏறினால் கோளாறு தூக்குச் சிலிண்டரிலோ, அதற்கு எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வுத் தண்டான ஸ்பூலிலோ, அந்தக் குழாய்களிலோ இருக்கும். இரண்டும் சேர்ந்து மெதுவானால் இரண்டுக்கும் பொதுவான பம்ப், ரிலீஃப் வால்வு, டேங்கிலிருந்து பம்புக்கு எண்ணெய் போகும் உறிஞ்சு குழாய் ஆகிய இடங்களில் தேட வேண்டும். ரிப்பரும் மெதுவாகத்தான் இருந்தது. இரண்டாவது கேள்வி, தூக்க லீவரை இழுத்தவுடன் பிளேடு ஒரு கணம் கீழே இறங்கிவிட்டு ஏறுகிறதா என்பது. அப்படி இறங்கினால் வால்வுப் பெட்டியில் உள்ள தடுப்பு வால்வு சரியாக உட்காரவில்லை என்று பொருளாம். அது இல்லை. மூன்றாவது, எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகிறது என்பது. “சத்தம்தாங்க கூடுது, வேகம் கூடல” என்று ஆபரேட்டர் சொன்னதும் மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் டேங்கிலிருந்து ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெய் எடுத்து டிராக் தகட்டின் மேல் வைத்தார்கள். எண்ணெயில் காற்று கலந்திருந்தால் நுரைத்து வெளிறியிருக்கும். சிறிது நேரம் வைத்தால் குமிழ்கள் மேலேறி அடியிலிருந்து தெளியத் தொடங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மோர்போல் ஆகிவிடும். மணிக்கணக்கில் வைத்தாலும் அந்த வெண்மை போகாது. எங்கள் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாகவே இருந்தது. இருந்தாலும் உறிஞ்சு குழாயின் இரண்டு முனைகளிலும் உள்ள கிளாம்புகளைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் அப்பிவிட்டு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். காற்று இழுக்கும் இடம் ஏதேனும் இருந்தால் கிரீஸ் அதை அடைத்துவிடும், கத்தல் சட்டென மாறும். மாறவில்லை. டேங்கின் மூடியைத் தளர்த்தியும் பார்த்தார்கள். மூச்சுத்துளை அடைபட்டு டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அதுவும் இல்லை.

இதன் பிறகுதான் அளவுக் கருவிகள் வெளியே வந்தன. முதலில் ரிலீஃப் வால்வின் அழுத்தம். பிளேடை உச்சிக்கு ஏற்றி, லீவரை விடாமல் பிடித்தபோது கேஜ் முள் 172 கிலோவைத் தொட்டது. இயந்திரத்தின் கையேட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ என்று இருக்கிறது. மேஸ்திரி என்னைப் பார்த்து, “யாருங்க இதை முறுக்கினது?” என்று மட்டும் கேட்டார். அழுத்தம் என்பது பிளேடு எவ்வளவு பாரத்தைத் தூக்கும் என்பதைத் தீர்மானிப்பது. எவ்வளவு வேகமாகத் தூக்கும் என்பதைத் தீர்மானிப்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் சிலிண்டருக்குள் போகிறது என்பதே. ரிலீஃப் வால்வு பழுதாகி முன்கூட்டியே திறந்துகொண்டால் வேகமும் குறையும் என்பது உண்மை; ஆனால் கேஜ் சரியான அழுத்தத்தைக் காட்டும்போது அதை மேலும் இறுக்குவதால் ஒரு நொடிகூட மிச்சமாகாது. ஓஸும், கசிவைத் தடுக்கும் சீலும், பம்பின் பேரிங்கும் கூடுதல் சுமையைச் சுமப்பதுதான் மிச்சம். திருகைத் தளர்த்தி 140க்குக் கொண்டுவந்து, செக் நட்டை இறுக்கிய பிறகே அடுத்த வேலைக்குப் போனார்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கை அவர் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இந்த டோசரில் பிளேடு ஏறும்போது சிலிண்டரின் தண்டு உள்ளே இழுபடுகிறது. எனவே எண்ணெய் நுழைவது தண்டு இருக்கும் பக்கத்தில். சிலிண்டரின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர், தண்டின் விட்டம் ஐந்தரை; தண்டு அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கழித்தால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 55 சதுர சென்டிமீட்டர், இரண்டுக்கும் 110. தண்டின் ஓட்டம் 90 சென்டிமீட்டர் என்பதால் பிளேடு ஒருமுறை முழுதாக ஏற ஏறக்குறைய 10 லிட்டர் எண்ணெய் தேவை. நிமிடத்துக்கு 120 லிட்டர் கொடுக்கும் பம்ப் என்றால் நொடிக்கு 2 லிட்டர். ஆக ஐந்து நொடி. பதினொரு நொடி ஆகிறது என்றால் நிமிடத்துக்கு 55 லிட்டர் மட்டுமே சிலிண்டருக்குப் போய்ச் சேருகிறது, மீதி எங்கே என்பதுதான் கேள்வி. ஸ்டாப்வாட்சையும் இந்தக் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பாகத்தையும் கழற்றாமல், இழப்பு எவ்வளவு என்பதை யாரும் அறிந்துகொள்ளலாம். இருபது ஆண்டுகளாக டோசர் வைத்திருக்கும் எனக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை.

பம்பின் வெளியேற்றுக் குழாயில் எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரை இணைத்து இரண்டு முறை சோதித்தார்கள். ஒருமுறை காலையில் எண்ணெய் 42 டிகிரியில் இருந்தபோது, மறுமுறை இரண்டரை மணி நேரம் வேலை வாங்கி 71 டிகிரிக்கு ஏறிய பிறகு. காலையில் பாரமில்லாமல் நிமிடத்துக்கு 116 லிட்டர், மீட்டரின் சுமை வால்வைத் திருகி 120 கிலோ அழுத்தம் ஏற்றியபோது 103 லிட்டர். சூட்டில் பாரமில்லாமலேயே 61 லிட்டர், 120 கிலோவில் 50. இந்த நான்கு எண்களைப் படித்துக்காட்டும்போதுதான் மேஸ்திரி முதன்முறையாகப் புன்னகைத்தார். பம்ப் தேய்ந்திருந்தால் பாரமில்லாதபோது ஏறக்குறைய முழு அளவும் வர வேண்டும், அழுத்தம் ஏற ஏறத்தான் கசிவு கூடி அளவு சரிய வேண்டும். இங்கே அழுத்தமே இல்லாதபோது பாதி காணாமல் போகிறது. வெளியே தள்ளுவதில் பம்புக்குக் குறையில்லை. உள்ளே வருவதுதான் குறைவு. எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் பிளேடு வேகம் எடுக்காததற்கும், கத்தல் கூடியதற்கும் அதுவே காரணம்: பசித்த பம்பை வேகமாகச் சுற்றினால் பசி கூடுமே தவிர எண்ணெய் கூடாது.

பம்பின் வாயில் சிறிய வெற்றிட கேஜைப் பொருத்தியபோது இது உறுதியானது. எண்ணெய் குளிர்ந்திருக்கையில் 3 அங்குலப் பாதரசம் (வெற்றிடத்தின் அளவு) காட்டிய முள், சூட்டில் 11 வரை போனது. பல்சக்கர பம்புகளுக்கு 5 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. இதில் ஒரு முரண் இருப்பதை நானே கவனித்துக் கேட்டேன்: எண்ணெய் சூடாகி இளகினால் உறிஞ்சுவது எளிதாகத்தானே ஆக வேண்டும், வெற்றிடம் ஏன் கூடுகிறது? “அதுதாங்க விஷயம். எண்ணெய் மாறல, வழி சுருங்குது” என்றார். டேங்குக்கும் பம்புக்கும் இடையில் இருப்பவை வடிகட்டியும் உறிஞ்சு ஓஸும் மட்டும்தான். வடிகட்டியை ஏற்கெனவே கழுவியாகிவிட்டது என்று நான் சொல்லியும், டேங்கை வடித்து அதை மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தார்கள்; கந்தல் துணித் துண்டு ஒட்டிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தினால் விழுந்து, ஓட்டினால் மீண்டும் வந்து அடைக்கும் வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறார்களாம். வடிகட்டி சுத்தமாகவே இருந்தது.

ஓஸ் வெளியிலிருந்து பார்க்கப் புத்தம் புதிது போலிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானே வேறொரு கடையில் வாங்கி மாட்டியது. கழற்றியதும் ஓர் இளைஞர் அதை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். மேல்தோலும் நடுவில் இருந்த கம்பிச் சுருளும் அப்படியே இருக்க, உள்ளே இருந்த ரப்பர் மட்டும் வெங்காயத்தோல் உரிவதுபோல் ஒரு சாண் நீளத்துக்குச் சுவரைவிட்டுப் பிரிந்து, எண்ணெயில் ஊறி உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் மறுபக்கச் சுவரைத் தொட்டது. அந்தப் பாதியை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த டிராக் தகட்டின் மேல் சிறிது நேரம் வைத்துவிட்டு மீண்டும் தொடச் சொன்னார்கள்; கொழகொழவென்று துவண்டுவிட்டது. காலையில் விறைப்பாக இருந்து வழிவிடும் இந்தத் தோல், சூடானதும் துவண்டு, பம்பின் இழுப்புக்கு நடுவழியில் கதவுபோல் மூடிக்கொண்டிருக்கிறது. தேய்ந்த பம்பின் நோய்க்குறியை அச்சு மாறாமல் இது நடித்துக் காட்டியதால்தான் முதலில் வந்தவர் ஏமாந்துபோனார்; நானும் ஏமாந்திருப்பேன்.

எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பர் இல்லாத, தண்ணீருக்கோ காற்றுக்கோ உரிய ஓஸை மாட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். உறிஞ்சு குழாய்க்கென்றே, வெற்றிடத்தில் சப்பிப்போகாதபடி உள்ளே கம்பிச் சுருள் வைத்து, எஸ்.ஏ.இ. 100 ஆர்4 என்று அச்சிட்ட வகை இருக்கிறது. ஓஸ் வாங்கும் எவரும் அந்த எழுத்தைப் பார்த்து வாங்கினால் போதும். உயர் அழுத்த ஓஸுக்கு விலை பார்த்து, முத்திரை பார்த்து வாங்கும் நாம், ‘அழுத்தமே இல்லாத குழாய்தானே’ என்று உறிஞ்சு ஓஸில் மட்டும் அலட்சியம் காட்டுகிறோம். நான் செய்த தவறும் அதுவே.

புதிய ஓஸைப் பொருத்தி மீண்டும் சூடாக்கி அளந்தபோது பாரமில்லாமல் 114 லிட்டரும் 120 கிலோவில் 97 லிட்டரும் வந்தன. வெற்றிடம் இரண்டரை அங்குலத்துக்கு இறங்கியது. 15 விழுக்காடு இழப்பு இருபது வயதுப் பம்புக்குப் பரவாயில்லை, 20ஐத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி எழுதிக்கொடுத்தார். பிளேடு ஆறு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஏறியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிளேடைத் தூக்கி நிறுத்தினால் கால் மணி நேரத்தில் ஒரு சாண் இறங்குவதைச் சொல்லியிருந்தேன் என்பதால் சிலிண்டர்களையும் பார்த்தார்கள். பிளேடை முழுதாக ஏற்றி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி அதன் மேல் உட்காரவிட்டு, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டிக் குழாய்களில் இருந்த அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே, ஒவ்வொரு சிலிண்டராக எதிர்ப்பக்க ஓஸைக் கழற்றினார்கள். அந்த ஓஸின் வாயை மூடிவிட்டு, எஞ்சினை மெல்ல ஓட்டி ஏற்றும் பக்கத்துக்கு அழுத்தம் கொடுத்தார்கள். இடதுபுறச் சிலிண்டரின் திறந்த வாயில் சொட்டு மட்டும் விழுந்தது. வலதுபுறத்தில் பத்து நொடியில் வாளியில் இரண்டு லிட்டர் சேர்ந்துவிட்டது. பிஸ்டனில் இருந்த சீல் ஓரிடத்தில் கருகிக் கிழிந்திருந்தது. ஒன்றை மாற்றும்போது மற்றொன்றையும் மாற்றிவிடலாம் என்று அவர்கள் சொன்னதற்கு நான் சம்மதித்தேன். வேகத்தில் இதனால் கிடைத்த லாபம் மிகச் சிறியது. பிளேடு ஐந்தரை நொடிக்கு வந்தது, அவ்வளவே. பிளேடு இறங்குவது பெருமளவு நின்றது. வேகம் மட்டுமே குறி என்றால் இந்தச் செலவை நான் அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கலாம். அவசரமில்லை என்பதை அவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்றும் நினைக்கிறேன்.

வேலையின் சுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேங்கிலிருந்து வடித்த எண்ணெயை மூடியுள்ள பீப்பாயில் பிடித்து, திரும்ப ஊற்றும்போது வடிகட்டி பொருத்திய கைப்பம்பு வழியாகவே ஏற்றினார்கள். கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். புழுதி பறக்கும் வயலில் நின்றுகொண்டு இதைச் செய்வது எளிதல்ல. இளைஞர்களில் ஒருவர் ஓடும் இயந்திரத்தில் கசிவு இருக்கிறதா என்று உயர் அழுத்த ஓஸைக் கையால் தடவப் போனபோது மேஸ்திரி போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்து அதை ஓஸ் ஓரமாக நகர்த்திப் பார்க்கச் சொன்னார். என் ஆபரேட்டர் அன்று முதல் சீட்டுக்கு அடியில் ஓர் அட்டையை வைத்திருக்கிறார்.

மொத்தச் செலவு: சோதனைக்கு 3,500, உறிஞ்சு ஓஸும் கிளாம்புகளும் 4,200, இரண்டு சிலிண்டர்களுக்கும் சீல் கிட் 6,400, இரண்டு நாள் கூலி 7,500, ஆக 21,600 ரூபாய். எண்ணெயை நான் தனியாக வாங்கினேன். கூலி நம் வட்டாரத்துக்குச் சற்றே அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். 78,000 ரூபாய் பம்பை மாற்றிவிட்டு, பழைய ஓஸையே மீண்டும் மாட்டி, மறுநாள் நண்பகலில் அதே பதினொரு நொடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியவன் என்ற முறையில் எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எளிதில் எடுக்க மாட்டார்கள். நேரில் போய் நிற்பது மேல், அதுவும் காலை எட்டரைக்கு முன்பு. முதல் நாள் தாமதமாக வந்ததைப் போலவே இரண்டாம் நாளும் வந்தார்கள். நிலத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரசீதைத் துண்டுத் தாளில் எழுதித் தந்தார்கள். ஜிஎஸ்டி எண்ணுடன் வேண்டும் என்று இரண்டு முறை கேட்ட பிறகே சரியான பில் வந்தது. தண்டுக்குக் குரோம் பூசும் வசதியும் பெரிய லேத்தும் அவர்களிடம் இல்லை. தண்டில் கீறல் விழுந்திருந்தால் ஓசூருக்கு அனுப்புகிறார்கள், அதற்கு ஒரு வாரம் ஆகிவிடுகிறது. அவசர வேலை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெறும் ஓஸ் பிரஸ் செய்து வாங்கிப் போக வருபவர்களுக்கு இந்தப் பட்டறையில் தனிச் சிறப்பு ஒன்றும் கிடையாது. அதற்குத் தர்மபுரியிலும் காவேரிப்பட்டினத்திலும் கடைகள் இருக்கின்றன. காரணம் தெரியாத கோளாறுக்குத்தான் இவர்கள்.

போகுமுன் பம்பின் வாயில் வெற்றிட கேஜ் மாட்டிய இடத்தை அடைத்துவிடாமல், மூடியுடன் ஒரு சிறிய நிப்பிளை நிரந்தரமாக வைத்துவிட்டுப் போனார்கள். 250 மணி நேரம் ஓடியதும் வந்து ஒருமுறை அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதைப் பில்லின் பின்பக்கத்தில் மேஸ்திரியின் கையெழுத்தோடு வாங்கி வைத்திருக்கிறேன். இன்றைய நிலவரப்படி 140 மணி நேரம் ஓடியிருக்கிறது. நேற்று நண்பகலில், எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆபரேட்டர் ஸ்டாப்வாட்சில் பார்த்துச் சொன்ன நேரம் ஐந்தரை நொடி.